பாலிஷ் அக்காவின் கீழ்த்தாடை

அந்தத் தெருவில் எங்கே திரும்பினாலும் பல் டாக்டர்தான். டாக்டர்கள் கீழ்த்தளத்தில் இருப்பார்கள். அவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேப்கள் மாடியில் இருக்கும். கீழே குளிர்பதன அறையில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறவர்களுக்குத் தலைக்கு மேலே யாரோ தங்கள் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பல் பொருந்தினால் டாக்டர் கெட்டிக்காரர். பொருந்தாவிட்டால் லேப் சரியில்லை.

அப்படி ஒரு மாடியறையில், ஜன்னலோரமாகப் போட்ட லேத் மோட்டாருக்கு முன்னால், பாலிஷ் அக்கா தன் ஆயுளில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். துணிச்சக்கரம் சுற்றும். ஈரமான பாலிஷ் மாவை அள்ளிச் சக்கரத்தில் அப்பி, சொரசொரப்பாக வந்த செட்டை அதன்மேல் அழுத்துவாள். மாவுத்தண்ணீர் முகத்திலும் மாரிலும் தெறிக்கும். இளஞ்சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லும் மெல்ல மெல்லப் பளபளப்பாகிக் கடைசியில் நனைந்த வாய் மாதிரியே ஆகிவிடும். மாவு தேய்த்துத் தேய்த்து அவளுடைய விரல்ரேகையும் போய்விட்டது. போனில் விரல் வைத்தால் திறக்காது. "நான்தான்னு என் போனுக்கே தெரியல, உங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்று புருஷனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

லேப் புருஷனுடையது; அவளுக்குச் சம்பளம் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் அவர் ஒரு செட்டை நீட்டி, "சும்மாதானே உக்காந்திருக்க, இதைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடு" என்றார். அந்தக் 'கொஞ்சம்' இன்னும் முடியவில்லை.

அவர் பெயரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. மேஸ்திரி என்றால் போதும். அச்சு எடுத்து அனுப்பிய பிளாஸ்டர் தாடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு வலது பக்கமாத்தான் மெல்லுவான், பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டா பல்லைக் கடிப்பான்" என்பார். அது பலதடவை சரியாகவும் இருக்கும். புதிதாகப் படித்து முடித்த டாக்டர்கள் மாடியேறி வந்து அவரிடம் சந்தேகம் கேட்பார்கள். அவர்கள் இறங்கிப் போனதும் காதுவரை சிரித்துக்கொண்டு, "பாத்தியா, படிப்பெல்லாம் கீழ, வேலையெல்லாம் மேல" என்பார். அவள் லேத்தை ஓட்டிக்கொண்டே, "ஆமா, நான் இன்னும் மேல, மொட்டை மாடியில" என்பாள். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

அவளுக்கு மூட்டுவாதம் வந்தது. விரல் கணுக்களெல்லாம் வீங்கின. வருஷக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாள். வலி அடங்கியது, எலும்பு இளைத்தது. ஒருநாள் பிளாஸ்டர் மூட்டையை நகர்த்தக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருப்பதாக எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். எலும்பைப் பலப்படுத்த ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"ஒரு விஷயம்மா. பல்லு ஏதாவது எடுக்கிறதா இருந்தா எங்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. பல் டாக்டர்கிட்டயும் இந்த ஊசி போடுறதைச் சொல்லணும்."

பக்கத்தில் நின்ற மேஸ்திரி சிரித்தார். "பல்லு விஷயத்தை எங்கிட்ட விட்டுடுங்க டாக்டர். நமக்கு அதுதான் தொழிலே."

டாக்டரும் சிரித்தார். பேனாவை மூடினார். பல்லைப் பற்றி அந்த அறையில் அதற்குமேல் பேச்சில்லை. வேறொரு வீடாக இருந்தால் பயந்துகொண்டு நாலு இடத்தில் விசாரித்திருப்பார்கள். இவர்கள் வீட்டில் பல் என்பது தட்டில் கொட்டிக் கிடக்கும் சாமான். அதற்குப் போய் யார் பயப்படுவார்கள்?

அவளுடைய மேல்வரிசை முன்பே போய், நல்லதொரு செட் உட்கார்ந்திருந்தது. கீழே மிச்சமிருந்த சில பற்கள் ஊசி போட ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் கழித்து ஆட்டம் கண்டன. மேஸ்திரி அவளைக் கீழ்த்தள டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் சின்னப் பையன், மேஸ்திரியைக் கண்டால் எழுந்து நிற்பவர். நாற்காலியைச் சாய்த்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி பதில் சொல்லிவிட்டார். "மூட்டுவலிக்கு ஏதோ மாத்திரை. நம்ம வீட்டு ஆளுதானே டாக்டர், நீங்க எடுங்க. நான் பாத்துக்கிறேன்."

நம்ம வீட்டு ஆள் என்பதால் கேள்வி அத்தோடு நின்றது. தெருவோடு போகிற யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பார்.

பற்களை எடுத்து முடித்ததும், கீழ்ச் செட்டை மேஸ்திரி பார்த்துப் பார்த்துச் செய்தார். விலை உயர்ந்த பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பல்லாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேர்ந்தெடுத்தார். மெழுகில் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினார். அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பூரிப்புதான். மேல் செட்டை வேலைக்கு நடுவே அவசரமாக முடித்துக் கொடுத்திருந்தார்; இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவர் உட்கார்ந்து செய்த முதல் பொருள் இதுதான். அதையும் பாலிஷ் போட்டது அவள்தான்.

செட் வாயில் ஏறிய நாளிலிருந்து அவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. டாக்டர்கள் யாராவது மாடிக்கு வந்தால், "இங்க பாருங்க சார் நம்ம வேலையை. ஏய், கொஞ்சம் சிரிச்சுக் காட்டு" என்பார். அவள் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிச் சிரிப்பாள். டாக்டர் குனிந்து பார்ப்பார். "அப்படியே ஒரிஜினல்" என்பார். அவள் மறுபடி லேத்தைப் போடுவாள். ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டி நிறுத்திய பொம்மைக்காவது கால் வலிக்காது.

முதலில் இடது பக்கம், நாக்குப் பக்கமாக, பின்னால் உறுத்தியது.

"என்னங்க, இந்த இடத்துல குத்துது."

"புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும். குடு." மோட்டாரில் மணி போன்ற ஒரு முனையை மாட்டி, அந்த இடத்தை லேசாக ராவிக் கொடுத்தார். "போட்டுப் பாரு. எப்படி?"

"பரவாயில்ல."

இரண்டு நாள் பரவாயில்லாமல் இருந்தது. பிறகு மறுபடி குத்தியது. மறுபடி ராவினார். மூன்றாவது தடவை அவர் முகம் மாறியது. "செட்டுல குறையில்ல. உன் வாய்தான் பழகல. வலிக்குதுன்னு கழட்டிக் கழட்டி வச்சா எப்படிப் பழகும்? தூங்குறப்பவும் போட்டுக்க."

போட்டுக்கொண்டே தூங்கினாள். காலையில் தலையணையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை இருக்கும். உறையைத் திருப்பிப் போட்டுவிட்டு வேலைக்கு ஏறுவாள்.

ஒருநாள் நாக்குக்கு ஏதோ தட்டுப்பட்டது. சொரசொரவென்று, கடினமாக. பாலிஷ் போடாத செட்டின் விளிம்பு மாதிரி இருந்தது. பிளாஸ்டர் தூசி ஏதாவது ஒட்டிக்கொண்டதோ என்று கொப்பளித்துத் துப்பினாள். போகவில்லை. மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறு கிழிந்த இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு புள்ளி.

"எலும்புத் துணுக்கு. பல்லு எடுத்தா சில பேருக்கு இப்படி வெளியே தள்ளும். நான் எத்தனை பாத்திருக்கேன். தானா விழுந்துடும்."

விழவில்லை. அவரே மெழுகு வேலைக்கு வைத்திருந்த இடுக்கியைக் கொதிக்கவைத்து எடுத்துவந்து பிடுங்கப் பார்த்தார். அவள் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்தில் நாற்காலியில் இருந்தவரே பயந்துபோயிருப்பார். புள்ளி அசையவில்லை. அது துணுக்கல்ல, தாடையேதான் என்று இருவருக்கும் அப்போது தெரியாது. அவருக்குத் தெரியாதது கூட அவளுக்குப் பெரிதில்லை. தெரியாது என்ற சொல் ஒருதடவையாவது அவர் வாயில் வந்திருக்கலாம். அது வராததைத்தான் பின்னாளில் அவளால் மன்னிக்க முடியவில்லை.

வாரங்கள் போயின. வாயில் ஒரு நாற்றம் வந்தது. கீழே ரிசப்ஷனில் இருந்த பெண், முடிந்த செட்களை வாங்கிக்கொள்ளும்போது அரை அடி தள்ளி நிற்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் மேஜையில் புதினா மிட்டாய் டப்பா ஒன்றைத் திறந்து வைத்து, "எடுத்துக்குங்க அக்கா" என்றாள். தினமும் பிறர் வாயைப் பளபளப்பாக்கிக் கொடுப்பவளுக்கு மிட்டாய்.

அன்று மத்தியானம் அவள் கேட்டுவிட்டாள். "நான் வேற டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்."

மேஸ்திரி கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். "எதுக்கு? மேஸ்திரி பொண்டாட்டிக்கே செட்டு பொருந்தலையாம்னு தெருவெல்லாம் சிரிக்கிறதுக்கா?" ஜன்னலுக்கு வெளியே கண்ணைக் காட்டினார். தெருவுக்கு அந்தப்புறம் இன்னொரு மாடியில் இன்னொரு லேப். அதை நடத்துகிறவன் ஒருகாலத்தில் இவரிடம் வேலை பழகியவன். "அவன் காதுல விழுந்தா போதும். அடுத்த மாசம் நம்ம டாக்டருங்க பாதிப்பேரு அந்தப் படியில ஏறுவாங்க."

"என் வாய் நாறுதுங்க."

"உப்புத்தண்ணில கொப்பளி."

அவள் கொப்பளித்தாள். லேத்தைப் போட்டாள். அவள் கோபத்துக்கு அந்த மோட்டார் சத்தம்தான் வசதி. ஆனால் தாடைக்குக் கீழே வீங்கிக் காய்ச்சலும் வந்தபோது அவருக்கே பயம் வந்துவிட்டது. ஊரின் மறுகோடியில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது.

தாடை அறுவைசிகிச்சைப் பிரிவில் டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனம். வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தவர் உடனே கேட்டார்.

"எலும்புக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீங்களா?"

வாயில் கண்ணாடியோடு அவள் தலையாட்டினாள். டாக்டரம்மாவின் புருவம் ஏறியது. பின்னால் நின்ற மாணவர்களை அருகில் வரச் சொன்னார்.

"தாடைப்பக்கம், கழுத்துப்பக்கம் கரண்ட் வைத்தியம், அதான் ரேடியேஷன், ஏதாவது?"

இல்லையென்று ஆட்டினாள்.

"எலும்பு இப்படி வெளியே தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

அவள் விரலைத் தூக்கினாள். மாதக்கணக்கு சொல்லத்தான் தூக்கினாள். அதற்குள் தலைமாட்டிலிருந்து பதில் வந்தது.

"ஒரு பத்து நாள் இருக்கும் டாக்டர்."

அவள் கண்ணை உருட்டி மேலே பார்த்தாள். தலைகீழாக அவர் முகம் தெரிந்தது. வியர்த்திருந்தது.

"இந்தச் செட்டு யார் செஞ்சது? உள்பக்க விளிம்பைக் கண்டபடி ராவி வச்சிருக்காங்களே."

மாணவர்களில் ஒருவன் தட்டிலிருந்த செட்டைக் கையுறை விரலால் தூக்கிப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். முப்பது வருஷமாக 'என் கைவேலை, என் கைவேலை' என்று அவர் பீற்றிக்கொள்வதைக் கேட்டுப் புளித்த காது, அந்த ஒரு தடவை அதைக் கேட்க ஆசைப்பட்டது.

"வெளியூர்ல எங்கயோ செஞ்சது டாக்டர்" என்றார் மேஸ்திரி.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "பத்து நாள்னா இப்பவே இதுதான்னு பேர் வைக்க முடியாது. எட்டு வாரம் தாண்டியும் எலும்பு மூடாம இருந்தாத்தான் ஊசியால வந்த தாடை பாதிப்புன்னு சொல்லுவோம். ஆறவும் வாய்ப்பு இருக்கு. மாத்திரை எழுதறேன், வாய் கொப்பளிக்க மருந்து தரேன். கீழ்ச் செட்டு வாய்க்குள்ளயே போகக்கூடாது. நாலு வாரத்துல வாங்க. உதடு மரத்துப்போனா அன்னிக்கே ஓடி வரணும்."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ரொம்ப தூரம் வந்தபிறகு கேட்டாள்.

"வெளியூர்னீங்களே, எந்த ஊருங்க?"

"சும்மா வா."

"இல்ல, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். நானும் அந்த ஊர்லதானே இருந்திருக்கேன் இத்தனை வருஷம்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி செருப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டார்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. வடிந்ததும் மேஸ்திரிக்குத் தைரியம் திரும்பிவிட்டது. ஏதோ ஒரு பெரிய கிளினிக்கிலிருந்து டாக்டர் ஒருவர் லேப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. "ஒரு மணிநேரம் போட்டுக்க. அவர் போனதும் கழட்டிடு." அவள் முடியாது என்றாள். அவர் கத்தவில்லை. அதுதான் வினை. "உன்னைவிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார். அந்த ஒரு மணிநேரம் போட்டுக்கொண்டாள். இன்னொரு நாளும் போட்டுக்கொண்டாள்.

நாலாவது வாரத்தில் போயிருக்க வேண்டும். வேலை நெருக்கடி என்று அவர் தள்ளிப்போட்டார். ஒருநாள் காலை அவள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மார்பு சுட்டது. குனிந்து பார்த்தால் புடவையெல்லாம் காபி. உதட்டோரம் ஒழுகுவது அவளுக்குத் தெரியவே இல்லை. கீழுதட்டின் இடதுபாதியைத் தொட்டாள். யாருடைய உதட்டையோ தொட்ட மாதிரி இருந்தது.

கோப்பையைக் கழுவி வைத்தாள். எலும்பு ஊசிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

டாக்டரம்மா நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். வாயில் கண்ணாடி ஏறினால் பேச்சு இன்னொருத்தர் கைக்குப் போய்விடும் என்பது அவளுக்கு இப்போது தெரியும்.

"பத்து நாள்னு சொன்னது பொய்ம்மா. அப்பவே மூணு மாசம். செட்டு வெளியூர்ல செஞ்சதும் இல்ல. அன்னிக்கு என் தலைமாட்டுல நின்னாரே, அவருதான் செஞ்சாரு. ரெண்டு மூணு தடவை ராவினதும் அவருதான். இடுக்கியால பிடுங்கப் பாத்ததும் அவருதான். நீங்க போடக்கூடாதுன்ன பிறகும் போட்டுக்கிட்டேன். அது மட்டும் நான்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"வாயைத் திறந்து வச்சிருந்தீங்களே."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி படம் எடுத்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். புற்று இல்லையென்று உறுதிசெய்துகொள்ள ஒரு துளி சதை கிள்ளி அனுப்பினார்கள். அந்த முடிவு வரும்வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தானே பயந்து, தானே தேறிக்கொண்டாள். புற்று இல்லை. தாடை எலும்பில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. அது உள்ளே ஓடும் நரம்புவரை எட்டியிருந்தது.

"எப்படிம்மா எலும்பு சாகும்? அதுக்குத்தானே ஊசியே போடுறோம்?"

"எலும்பு சும்மா இருக்கிற பொருள் இல்லம்மா. பழசைக் கரைச்சு எடுத்துட்டுப் புதுசைப் போட்டுக்கிட்டே இருக்கும். உங்களுக்குக் கரையிறது அதிகம், அதனால முதுகு நசுங்கிச்சு. இந்த மருந்து அந்தக் கரைக்கிற வேலையை அடக்கிடுது. மத்த இடத்துல அது நல்லது. தாடையில ஒரு காயம் பட்டு, பழசை எடுத்தாத்தான் ஆறும்ங்கிற நிலைமை வந்தா, எடுக்க ஆள் இருக்காது. ஸ்டீராய்டும் சேர்ந்துச்சு. பல் எடுத்தது ஒரு காயம். செட்டு தினமும் உறுத்தினது அதுக்கு மேல காயம்."

"எல்லாருக்கும் வருமா?"

"எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுறவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். அதனால ஊசி மேல கோபப்படாதீங்க. நீங்களா நிறுத்திடவும் கூடாது. இந்த ஊசியைத் திடீர்னு விட்டா முதுகெலும்பு மறுபடி நசுங்கலாம். எலும்பு டாக்டர்கிட்ட நான் பேசுறேன்."

"அப்ப முதுகு வேணுமா, தாடை வேணுமான்னு கேக்குறீங்க."

"ரெண்டையும் பாத்துக்கலாம்னு சொல்றேன். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இந்த உதடும் மரத்திருக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை டாக்டரம்மா குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் பஸ்ஸில் ஏறி வீடு வரும்வரை அது ஒன்றுதான் அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

வைத்தியம் மாதக்கணக்கில் நடந்தது. கொப்பளிக்கும் மருந்தில் நாக்கு கறுத்தது. ருசி போயிற்று. எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாள். செத்த எலும்பு தானாகப் பிரிந்து ஆட ஆரம்பித்ததும், மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்து, விளிம்பை வழவழப்பாக்கித் தைத்தார்கள். எடுத்த துண்டை டாக்டரம்மா காட்டினார். அதை விரலில் வைத்துத் தடவிப் பார்த்து, "இதுக்குப் பாலிஷ் ஏறாது" என்றாள். மாணவர்கள் சிரித்தார்கள்.

நாற்றம் போயிற்று. வலி பெரும்பாலும் போயிற்று. ஈறு முழுக்க மூடவில்லை. நகக்கண் அளவுக்கு எலும்பு தெரியும் ஒரு குழி நின்றுவிட்டது. கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். உதடு மரத்தது மரத்ததுதான். கீழ்ச் செட் இனி கிடையாது.

மேஸ்திரிக்கு அவள் தனியாகப் போனது தெரியவந்தபோது ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேச்சு வந்தது, அவளிடம் அல்ல. மாடியேறி வருகிறவர்களிடம் எல்லாம், "செட்டுல ஒரு குறையும் இல்ல சார். ஊசி. எல்லாம் அந்த ஊசி பண்ணின வேலை" என்றார். அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மனுஷன் சொட்டு நனையாமல் போய்விட்டார். அவள் கன்னம் உள்ளே ஒட்டி, மோவாய் மூக்கை நோக்கி ஏறியிருந்தது. "யாராவது வந்தா மாஸ்க்கைப் போட்டுக்க. தூசிக்கும் நல்லது" என்றார். அவளும் போட்டுக்கொண்டாள். 'சிரிச்சுக் காட்டு' என்ற வேலை ஒழிந்தது ஒரு வகையில் நிம்மதி.

ஒருநாள் அவர் லேத்துக்குப் பக்கத்தில் பஞ்சு சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு நின்றார். பிரித்தாள். புது கீழ்ச் செட். அடியில் ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சு கொடுத்திருந்தார். இடதுபக்க விளிம்பை அந்தக் குழியைத் தொடாமல் உயர்த்தி வளைத்திருந்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். வேலை தெரிந்த கை அவளுடையதும்தான். இதைவிட நல்ல செட்டை அவர் வாழ்நாளில் செய்ததில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இது உறுத்தாது" என்றார். குரல் இறங்கியிருந்தது. மன்னிப்பு என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலும்.

அவள் திரும்பி உட்கார்ந்தாள். லேத்தைப் போட்டாள். மாவு அப்பி, விளிம்பு விளிம்பாக, இடுக்கு இடுக்காகப் பொறுமையாகத் தேய்த்தாள். கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முடிஞ்சுது. கண்ணாடி அலமாரியில வைங்க. வர்றவங்களுக்குக் காட்டலாம்."

அவர் அதை வாங்கிக்கொண்டு நின்ற நிலை பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டுப் பாவப்பட்டுத்தான் தாடை போயிற்று என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரம் கீழ்த்தள டாக்டர் விடுப்பில் இருந்தார். புதுச்செட் போட்டுக்கொண்ட ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வந்து உறுத்துகிறது என்றதும், ரிசப்ஷன் பெண் மாடிக்கு அனுப்பிவிட்டாள். மூச்சு வாங்கப் படியேறி வந்த டீச்சரம்மா கைக்குட்டையில் செட்டைக் கழற்றி மேஸ்திரியிடம் நீட்டினார்.

"பின்னாடி, உள்பக்கமா ஒரு இடம் குத்துதுங்க. கொஞ்சம் ராவிக் குடுத்தா நல்லா இருக்கும்."

"அஞ்சு நிமிஷம்மா. உக்காருங்க." மேஸ்திரி மோட்டாரில் முனையை மாட்டினார்.

லேத் நின்றது. "டீச்சர், எலும்புக்கு ஏதாவது ஊசி போடுறீங்களா?" என்று கேட்டாள் பாலிஷ் அக்கா.

"ஆமாம்மா, வருஷத்துக்கு ஒண்ணு. எலும்புத் தேய்மானம்னு போடுறாங்க. ஏன்?"

"பல் டாக்டர்கிட்ட அதைச் சொன்னீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இருக்கு. இதை ராவ வேண்டாம், போடவும் வேண்டாம். புண்ணு இருக்கான்னு தாடை டாக்டர்கிட்ட காட்டுங்க. எங்கேன்னு நான் சொல்றேன்."

மேஸ்திரியின் முகம் கறுத்தது. "அவ கிடக்கிறா டீச்சர். உடம்பு சரியில்லாதவ, எதைப் பார்த்தாலும் பயப்படுவா. முப்பது வருஷமா இதே வேலை எனக்கு."

டீச்சரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படித்தவர், மரியாதையானவர். "தப்பா நினைக்காதம்மா. சாருக்குத் தெரியாததா?" என்று புன்னகைத்தார்.

பாலிஷ் அக்கா எழுந்து வெளிச்சத்துக்கு வந்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள். மேல் செட்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். மரத்த உதட்டை இரண்டு விரலால் கீழே இழுத்து, டீச்சரம்மாவின் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்தாள். ஈறு முடிந்த இடத்தில் எலும்பு தெரிந்தது.

டீச்சரம்மா "ஐயோ" என்று பின்வாங்கினார். நாற்காலி இடறியது. மேஸ்திரியின் கையிலிருந்து செட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கிவிட்டார்.

மேஸ்திரி மோட்டாரை நிறுத்தவில்லை. அது கையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. "தொழிலைக் கெடுத்துட்டியே" என்றார். "பூச்சாண்டி காட்டுற மாதிரி காட்டி... இனி ஒருத்தர் வருவாங்களா மேல?"

அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டார், அந்தப் பயத்திலேயே நேராக டாக்டரிடம் போவார் என்றுதான் நினைத்தாள். டீச்சரம்மா தெருவில் நின்று மூச்சு வாங்கினார். இடது வலது பார்த்தார். பிறகு கைக்குட்டையை இறுகப் பிடித்தபடி தெருவைக் கடந்து, எதிர் லேப்பின் படியில் ஏறினார். அந்த ஜன்னலில் ஓர் ஆள் எழுந்து நின்று கைநீட்டி வாங்குவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ராவுகிற சத்தம் தெரு தாண்டி வந்தது.

மேஸ்திரியும் பார்த்துவிட்டார். "போச்சா? அவன்கிட்டயே கொண்டுபோய்ச் சேர்த்துட்ட. இப்ப சந்தோஷமா உனக்கு?"

அவள் மேல் செட்டைக்கூட எடுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள். முதுகு நசுங்கிய பிறகு அவளால் மடமடவென்று இறங்க முடியாது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்க வேண்டும்.

"எங்க போற? அவன் முன்னாடியா போய் நிக்கப்போற?" மேஸ்திரி படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றார். அவள் திரும்பவில்லை. அவர் குரல் உடைந்தது.

"ஏய், மாஸ்க்கையாவது போட்டுட்டுப் போ."